பச்சைக்கொடி வாங்கியவன்

மல்லன் க்ரீக் பந்தயத் தடத்தில், டிக்கெட் கொடுக்கும் கொட்டகையின் பக்கச் சுவரில், ஜெயித்தவர்களின் பெயர்களை வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்திருப்பார்கள். டாலிவர் என்கிற பெயரை எழுதி எழுதியே அந்த பெயிண்டர் தன் வீட்டுக்குக் கூரை மாற்றினான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். ரான்சம் டாலிவர் பத்தொன்பது தடவை. அவர் மகன் வெர்லின் அறுபத்து மூன்று தடவை. வெர்லினின் மகன் கோய் பதினாறு வருடம் ஓட்டினான். நாற்பத்தோரு தடவை இரண்டாவதாக வந்தான். சுவரில் அவன் பெயர் ஒரு தடவைகூட இல்லை.

அந்தச் சுவரை ஒட்டித்தான் என் கடை. கடை என்றால் ஒரு லாரியும் ஒரு தார்ப்பாயும். ஒரு தடவை ஓடிய டயர், இரண்டு தடவை ஓடிய டயர், எத்தனை தடவை ஓடியது என்று நானே சொல்ல மாட்டாத டயர் எல்லாம் என்னிடம் கிடைக்கும். என் அப்பா கோவேறு கழுதை வியாபாரி. வாங்க வருகிறவன் கழுதையின் பல்லைப் பார்ப்பான், அப்பா அவன் கண்ணைப் பார்ப்பார். நான் டயருக்கு மாறினேன், பார்வையை மாற்றவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோய் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போது அவன் கண் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். சுவரின் அடியில், முட்டி உயரத்தில், இன்னும் ஒரு வரி எழுத இடம் இருந்தது. அங்கே.

உண்மையில் அந்தச் சுவரில் கோய் ஜெயித்த பதினோரு பந்தயங்கள் இருக்கின்றன. அப்பாவின் பெயரில்.

எங்கள் தடத்தில் ஒரு விதி. பச்சைக்கொடி இறங்கும்போது காரில் யார் உட்கார்ந்திருக்கிறானோ அவன் பெயரில்தான் அந்தப் பந்தயம். நடுவில் அவன் இறங்கி வேறொருவன் ஏறி ஓட்டி முடித்தாலும், புள்ளியும் கோப்பையும் கொடி வாங்கியவனுக்கு. கோய்க்கு இருபது வயதான வருடம், வெர்லினுக்கு முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவியது. சாம்பியன் பட்டத்துக்கு அவர்தான் முன்னால் இருந்தார். அந்தக் கோடை முழுக்க அவரை இரண்டு பேர் தூக்கி காருக்குள் வைப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கொடி வாங்குவார். முதல் மஞ்சள்கொடிக்கு இறங்கிவிடுவார்; தடத்தில் ஆபத்து என்றால் விழும் கொடி அது, எல்லாக் காரும் மெதுவாகும், அந்தச் சுற்றுகள் கணக்கில் வராது. ஓரத்தில் ஹெல்மெட்டோடு காத்திருக்கும் கோய் தாவி ஏறுவான். பதினோரு ஞாயிறு ஒலிபெருக்கி வெர்லின் பெயரைச் சொன்னது. வெர்லின் முதுகில் கையை வைத்தபடி கோப்பை வாங்கினார். பையன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நின்று கைதட்டினான்.

அதற்கப்புறம் அவனுக்கு ஜெயிக்க வரவில்லை. சொந்தப் பெயரில் கொடி வாங்கினால் அவனுக்கு அவசரம் வந்துவிடும். ஒரு சுற்று மின்னல், அடுத்த சுற்று சுவரோடு உரசல்.

தாத்தா ரான்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையடிவாரத்தில் பந்தயக் குடும்பம் என்றாலே தாத்தா கள்ளச் சாராயம் கடத்தினார் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ரான்சம் சவ வண்டி ஓட்டினார். இறுதிச் சடங்கு நடத்தும் ஆள் புது வண்டி வாங்கியபோது, பழையதை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கூரையை வெட்டிக் குறைத்துப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். கறுப்பு வண்டி, கதவில் வெள்ளையாக எட்டாம் எண்; பிறகு மகனும் பேரனும் ஓட்டியதும் அதே எண்ணில்தான். பின் ஜன்னலின் திரைகளைக் கழற்றவே இல்லை. அது முந்திக்கொண்டு போகும்போது திரை படபடக்கும், பார்க்கிறவர்கள் தங்களை அறியாமல் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள் என்று வெர்லின் சொல்வார். சவ வண்டி எதிரே வந்தால் எவ்வளவு தலைபோகிற காரியமானாலும் சாலையின் வலது ஓரம் நிறுத்தித் தொப்பியைக் கழற்றுவது எங்கள் ஊர் வழக்கம். அது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் ஊரில் ஒருவன் பிரசவ வலியெடுத்த மனைவியோடு அப்படி நின்றிருக்கிறான்.

கோய் பந்தயத்தை விட்டுவிடுவது என்று முடிவு செய்தது அக்டோபரில். என்னிடம்தான் வந்தான்.

“ஹோபார்ட், காரை யாருக்காவது வித்து முடிச்சு விடு.”

“ஏன்டா, பெட்ரோல் விலை ஏறிப்போச்சுன்னா?”

“வயசு ஏறிப்போச்சு. கடைசிப் பந்தயம் ஓட்டிட்டு விட்டுடறேன்.”

வர்ஜீனியாக்காரன் ஒருவனைப் பிடித்து முடித்துவிட்டேன். திங்கட்கிழமை காலை வந்து எடுத்துப்போவான். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை நூறு சுற்று. சுவரின் அடியில் அந்த ஒரு வரிக்கு மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

அந்த மத்தியானம் வெயில் ஆப்பிள் சாறு மாதிரி இருந்தது. மலைகள் நீலமாக, கழுவிக் காயப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. சர்ச் முடித்து நேராக வந்த பெண்கள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு மரப்படிகளில் உட்கார்ந்து கோழி வறுவல் பொட்டலத்தைப் பிரித்தார்கள். யாரோ ஒரு வெளியூர்க்காரன் தோலோடு வேர்க்கடலை கொறித்துக்கொண்டு பந்தயக் கார்கள் நிற்கும் இடத்துக்குள் வந்துவிட்டான். நான்கு பேர் அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். கடலைத் தோல் காருக்கு ஆகாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது, கேட்டவனும் இல்லை.

எங்கள் தடம் வட்டமாக இடது பக்கமே வளையும்; கார்கள் வெளியே வரும் வாசல் வலது கைப்பக்கம், கடைசி வளைவில் இருக்கும். வாசலுக்கு வெளியே எங்கள் கூட்டம், என் லாரி, வெர்லின் உட்காரும் சோடாப் பெட்டி. அங்கிருந்து அறுபது தப்படி தள்ளி, பந்தயம் முடியும் கோட்டுக்கு நேராக, கணக்கு எழுதுகிறவர்களின் கொட்டகை. ஒவ்வொரு காருக்கும் ஒரு ஆள் உண்டு. பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் அக்கா தங்கை. எதிரே பெரிய கடிகாரம். தன் கார் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் நிமிடமும் விநாடியும் பார்த்து, பக்கத்தில் அந்தச் சுற்றுக்கு எத்தனை விநாடி ஆனது என்றும் அட்டையில் எழுத வேண்டும். எழுதாத சுற்று ஓடாத சுற்று. பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, அடுத்தவள் அட்டையைத் தொடவே கூடாது. தலைமைக் கணக்கர் க்ரீட் ஐயா முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார்.

கோய்க்கு எழுதுவது அவன் அக்கா நடீன். பக்கத்து இருக்கையில் ஃபே ஆப்ஷர், ஐம்பத்தோராம் எண் ட்யூனிஸின் மனைவி. கோய் இரண்டாவதாக வந்த நாற்பத்தொன்றில் பாதி ட்யூனிஸுக்குப் பின்னால்தான். இரண்டு பெண்களும் ஒரே காலுறை மில்லில் பக்கத்துப் பக்கத்து மிஷின். பதினோரு வருடம் கொட்டகையில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள். அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. மில்லில் நிறுத்தியதில்லை.

முப்பதாவது சுற்றில் ஒரு பின்தங்கிய கார் கோயின் பக்கவாட்டில் இடித்தது. கதவு உள்வாங்கியது, அவ்வளவுதான் என்று நினைத்தோம். கதவுக்கு அடியில் போகும் புகைக்குழாய் மடங்கி, தரையில் ஒரு ஓட்டை விழுந்து, புகை உள்ளே வர ஆரம்பித்தது வெளியே யாருக்கும் தெரியவில்லை. உள்ளே இருந்தவனுக்கும் தெரியவில்லை. அந்தப் புகையில் இருக்கும் விஷத்துக்கு வாசனை இல்லை என்றுதான் டாக்டர் பிறகு சொன்னார்.

அங்கே உள்ளே என்ன நடந்தது என்று கோய் பிறகு எனக்குச் சொன்னான். முதலில் சத்தம் போயிற்றாம். இருபத்திரண்டு எஞ்சின்களின் சத்தமும் தண்ணீருக்கு அடியில் போய்விட்ட மாதிரி. ஸ்டியரிங் கையில் இல்லை, கை ஸ்டியரிங்கில் மிதந்ததாம். மரப்படிகளில் இருந்த பெண்களின் தொப்பிகள் எல்லாம் ஆப்பிள் பூக்களாகிவிட்டன. ஒவ்வொரு தடவை மூன்றாம் வளைவுக்கு வரும்போதும், செத்துப்போன அவன் அம்மா அங்கே துணிக்கொடியில் வெள்ளைப் போர்வைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போர்வைகள் காற்றில் உப்பி அவனுக்காகத் தள்ளிக்கொண்டன. அவற்றுக்கும் சுவருக்கும் நடுவில் சரியாக ஒரு கார் போகும் இடைவெளி. “எங்கேயும் போகணும்னு தோணலை, ஹோபார்ட். அதான் ஒழுங்கா போச்சு” என்றான்.

வெளியிலிருந்து பார்த்த எங்களுக்கு அவன் ராஜாவாக ஓட்டினான். நாற்பதாவது சுற்றில் ட்யூனிஸை வெளிப்பக்கமாகவே தாண்டினான், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிற விருந்தாளி மாதிரி. எழுபதாவது சுற்றில் கிட்டத்தட்ட அரைச் சுற்று முன்னால். மரப்படிகளில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் சுவரின் அடியிலிருந்த இடத்தைப் பார்த்தேன். பெயிண்டர் தன் பிரஷ்ஷைக் கழுவ எடுத்திருந்தான்.

நடீன்தான் முதலில் பார்த்தாள். காரை இல்லை, அட்டையை. கோயின் அட்டை எப்போதும் குடிகாரன் கட்டிய படிக்கட்டு மாதிரி இருக்கும். இருபத்தொன்று, இருபத்து நான்கு, இருபத்து இரண்டு. அன்று எழுபதாவது சுற்றிலிருந்து இருபத்திரண்டு விநாடி, இருபத்திரண்டு விநாடி, இருபத்திரண்டு விநாடி. பதினெட்டு வரிகள், ஒரே எண். அவள் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள்.

“உட்காரும்மா. போனா சுத்து போயிடும்” என்றார் க்ரீட் ஐயா.

நடீன் ஒரு நொடி நின்றாள் என்று ஃபே சொன்னாள். தம்பியின் பதினாறு வருடம் அந்த அட்டையில் இருந்தது. பிறகு ஓடினாள், ஞாயிற்றுக்கிழமைச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு.

“அப்பா, கோய் தூங்குறான்.”

வெர்லின் சோடாப் பெட்டியிலிருந்து எழாமல் பார்த்தார். “தூங்குறவனா முதல்ல போறான்?”

“ஆமா. அதனாலதான் முதல்ல போறான். விழிச்சிருந்தா இந்நேரம் ரெண்டு தடவை சுவத்துல இடிச்சிருப்பான்.”

வெர்லின் சாக்குக்கட்டியால் பலகையில் ‘வா’ என்று எழுதி வாசலுக்குப் போய்ப் பிடித்தார். கோய் தாண்டிப் போனான். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். வெர்லின் பலகையைக் கீழே போட்டார்.

“மஞ்சள்கொடி விழணும். கொடியைப் பாத்தா கால் தானா தூக்கும். அது ரத்தத்துல இருக்கு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஹோபார்ட், அந்த டயர் என்ன விலை?”

“எந்த டயர்?”

“எதுவா இருந்தா என்னய்யா.”

கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். கார் கூட்டம் கடந்து போன இடைவெளி பார்த்து, வாசல் வழியாகத் தடத்துக்குள் உருட்டிவிட்டேன். அது சரிவில் அழகாக இறங்கி, மூன்று சுற்று தன்னைத்தானே சுற்றி, உள் ஓரத்தில் படுத்தது. அப்போதுதான் பார்த்தேன்: ஒரு தடவைகூட ஓடாத டயர். நான் வாழ்க்கையில் விலை பேசாமல் கொடுத்த ஒரே சரக்கு அது. கொடிக்காரன் மஞ்சளை வீசினான்.

கோயின் கார் வேகம் குறைந்தது. ஆனால் வெளியே வருவான் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. எங்களைத் தாண்டி இன்னும் பத்துத் தடவை புன்னகைத்துக்கொண்டே போய்ச் சுவரில் முடிவான் என்றுதான் பயந்தோம். அப்போது அவன் ஒன்று செய்தான். பதினாறு வருடம் இடது பக்கமே திரும்பிய மனிதன், மெதுவாக, மரியாதையாக, வலது ஓரம் ஒதுங்கினான். சரியாக வாசலில் நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எதிரே ஒன்றுமில்லை, வெறும் தடம்.

இழுத்து வெளியே போட்டோம். முகம் செர்ரிப் பழம் மாதிரி சிவந்திருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் புல்லில் படுக்க வைத்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். கண் திறந்து என்னைப் பார்த்து, யாரோ தெரியாதவரிடம் சொல்கிற மாதிரி, “மன்னிச்சுக்கோங்க” என்றான்.

நான் திரும்பிப் பார்த்தால் வெர்லின் ஒரு காலைக் காரின் ஜன்னலுக்குள் விட்டிருந்தார். அறுபத்து மூன்று வயது.

“அப்பா, உன் முதுகு” என்றாள் நடீன்.

“முதுகு பின்னாடிதானே இருக்கு. நான் முன்னாடி பாத்துத்தானே ஓட்டப்போறேன். நீ போய் எழுது.” பின் கண்ணாடியை உதைத்து உடைத்துக் காற்றுக்கு வழி செய்தோம். தரை ஓட்டையில் ஈரச் சாக்கைத் திணித்தோம். “பத்து சுத்துதான். மூச்சைப் பாதியா இழுத்துக்கறேன்” என்று தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, வெயிலில் காயும் நாய் மாதிரி கிளம்பினார்.

அந்தப் பத்து சுற்றை நான் பார்க்கவில்லை. கோயின் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து கேட்டேன். பதினாறு வருடமாகத் தன் காரை அவன் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. எட்டாம் எண் ஒவ்வொரு தடவை வளைவை விட்டு வரும்போதும் ஒரு நீளமான ஒலி, யாரோ ஒரு பெரிய பட்டுத்துணியைப் பொறுமையாகக் கிழிக்கிற மாதிரி. கோயின் விரல்கள் புல்லில் அதோடு சேர்ந்து அசைந்தன. நான்காவதாகப் போன கார் மூன்றாவது ஆனது, இரண்டாவது ஆனது. “நல்லா இருக்குல்ல” என்றான், ஆக்ஸிஜன் மூடிக்குள்ளிருந்து. எதைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. கடைசிச் சுற்றில் வெர்லின் ட்யூனிஸை அரைக் கார் நீளத்தில் தாண்டினார். இறங்கியதும் இரண்டு பேர் தூக்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

ஒலிபெருக்கி எதுவும் சொல்லவில்லை. கொட்டகையில் க்ரீட் ஐயா நடீனின் அட்டையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் மூன்று வரிகள் வெறுமை.

“மூணு சுத்து குறையுதும்மா. நூறுல தொண்ணூத்தேழுதான். ட்யூனிஸ் ஜெயிச்சான்.”

“என் தம்பி அந்த மூணு சுத்தும் மேலோகத்துலயா ஓட்டினான்?”

“எங்க ஓட்டினானோ. அட்டையில ஓட்டல.”

ஃபே ஆப்ஷர் தன் கைப்பையைத் திறந்து, மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த பழுப்புக் காகிதப் பையை எடுத்து மேசையில் வைத்தாள். அதன்மேல் மயோனைஸ் கறைக்குப் பக்கத்தில் மூன்று நேரங்கள். நிமிடம், விநாடி.

“அடுத்தவ அட்டையைத் தொடக்கூடாதுன்னுதானே விதி. நான் தொடல. இது என் பை” என்றாள். “எட்டாம் நம்பர் மூணு தடவையும் என் மூக்குக்கு நேரே போச்சு. மத்த அட்டைகளோட ஒட்டிப் பாருங்க.”

க்ரீட் ஐயா இருபத்தொரு அட்டைகளையும் பரப்பி, விரலை வைத்து, ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். விநாடி பிசகவில்லை. ட்யூனிஸ் கொட்டகை வாசலில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தான்.

“சாண்ட்விச்சோட சேத்து அந்தப் பையையும் தின்னிருக்கலாம் நீ” என்றான் மனைவியிடம்.

“நாளைக்குக் காலையில அவ பக்கத்து மிஷின்ல எட்டு மணி நேரம் நிக்கப்போறது நீயா நானா?”

ட்யூனிஸ் க்ரீட் ஐயா பக்கம் திரும்பினான். “கடைசியில ஓட்டினது கிழவர்தானே, அதையாவது எழுதுங்க” என்றான்.

“கொடி வாங்கினது யாரு?” என்றார் க்ரீட் ஐயா. “இந்த விதியை இந்தக் குடும்பத்துக்கு நான் பதினோரு தடவை படிச்சுட்டேன்.”

அப்புறம் ஒலிபெருக்கி சொன்னது. கோய் டாலிவர். மலைகளில் பட்டு அந்தப் பெயர் இன்னொரு தடவையும் வந்தது.

கோய் புல்லில் எழுந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெர்லினை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். நடந்ததையெல்லாம் நடீன் சொன்னாள். கோய் கேட்டுவிட்டு மறுத்துத் தலையசைத்தான்.

“கோப்பைக்கு நான் போக மாட்டேன். கடைசிப் பத்து நான் ஓட்டல.”

வெர்லின் வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அந்தப் பதினொண்ணும் நான் ஓட்டலடா. பதினாறு வருஷமா வாரா வாரம் அந்தச் சுவத்தைத் தாண்டித்தான் உள்ள வரேன். என் கண்ணு எங்க போகுதுன்னு உனக்குத் தெரியாது. போய் வாங்கிக்கோ. எனக்கு முதுகு வலிக்குது.”

கோய் அப்பாவின் காலணி முனையைப் பிடித்துக்கொண்டான். பெயிண்டர் தூரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து சுவரின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏன்டா ஓரம் கட்டினே?” என்றேன். “பலகையைக் காட்டினோம், நீ பாக்கல.”

“தாத்தா எதிர்ல வந்தாரு” என்றான் கோய், சாதாரணமாக, பால்காரர் வந்தார் என்கிற மாதிரி. “கறுப்பு வண்டி, எட்டு நம்பர், திரையெல்லாம் ஆடுது. தடத்துல எல்லாரும் ஒரு பக்கம் போறாங்க, இவரு மட்டும் எதிர்ப்பக்கமா, மெதுவா, சடங்குக்குப் போற மாதிரி வராரு. சவ வண்டி வந்தா ஓரம் கட்டாம என்ன பண்றது? அம்மா வேற வளைவுல நின்னு பாக்குறா.”

வெர்லின் படுத்தபடியே தன் தொப்பியைக் கழற்றி வயிற்றில் வைத்துக்கொண்டார்.

“பின்னாடி யாரு இருந்தாங்க?” என்று கேட்டார்.

“திரை விலகினப்ப பாத்தேன். காலி. எனக்கு நேரா வந்ததும் தாத்தா வேகத்தைக் குறைச்சாரு. உள்ள எட்டிப் பாத்தாரு. நான் ஹெல்மெட்டைக் கழட்டினேன். அவரு ஸ்டியரிங்லேர்ந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டாரு.”

ஒலிபெருக்கி மறுபடி அவனைக் கூப்பிட்டது. கோய் எழுந்து, நடீனின் தோளைப் பிடித்துக்கொண்டு, கோப்பை இருக்கும் பக்கம் நடக்க ஆரம்பித்தான். நான்கு எட்டு போனதும் நின்றான்.

“அக்கா, அந்தக் கறுப்பு வண்டி எத்தனாவதா வந்துச்சு?”

நடீன் இன்னும் செருப்பைக் கையில்தான் வைத்திருந்தாள். கொட்டகைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“அதுக்கு யாரும் அட்டை எழுதலடா” என்றாள்.